டிராக்டர் டிரெய்லர்: கொக்கி மாட்டுவதும் பாரம் பிரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, பவானி, பெருந்துறை, பொள்ளாச்சிப் பக்கத்துப் பட்டறைகளிலும் எடை மேடைகளிலும் டிராக்டர்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குகள் எல்லாம் 45–50 எச்.பி. டூ வீல் டிரைவ் டிராக்டருக்கும் ஒற்றை ஆக்சில் ரெண்டு சக்கர டிரெய்லருக்கும் போட்டவை. உங்கள் வண்டியின் அளவு வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

ரெண்டு சக்கர டிரெய்லர் மாட்டுனா முன் சக்கரம் லேசாகுதுங்க. நாலு சக்கரத்துக்கு அப்படி ஆகறதில்லையே, ஏனுங்க?

நாலு சக்கர டிரெய்லரின் முன் ஆக்சில் டர்ன் டேபிளில் (சுழலும் வட்டில்) உட்கார்ந்து தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது. டிராக்டர் அதை இழுத்தால் போதும். ரெண்டு சக்கர டிரெய்லருக்கு முன்பக்கம் தாங்க ஆள் இல்லை. அதனால் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டர் கொக்கியில் இறங்குகிறது. கொக்கி இருப்பதோ பின் ஆக்சிலுக்கும் பின்னால், ஏறக்குறைய 70 செ.மீ. தள்ளி. கடப்பாரையின் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை கிளம்புகிற மாதிரி, கொக்கியில் பாரம் ஏறினால் முன் சக்கரம் லேசாகும்.

எவ்வளவு லேசாகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கொக்கியில் இறங்கும் பாரத்தை, பின் ஆக்சிலிலிருந்து கொக்கி வரையுள்ள தூரத்தால் பெருக்கி, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். கொக்கியில் 600 கிலோ, தூரம் 0.7 மீட்டர், ஆக்சில் இடைவெளி 2 மீட்டர் என்றால் முன் சக்கரம் 210 கிலோவை இழக்கும். அந்த 210-உம் சேர்ந்து பின் சக்கரத்தில் 810 கிலோ கூடுதலாக ஏறும்.

அப்படீன்னா கொக்கியில பாரமே இல்லாம ஏத்திட்டா நல்லதுங்களா?

கூடாது. கொக்கியில் கொஞ்சம் பாரம் இருந்தால்தான் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கும், டிரெய்லரும் ஆடாமல் வரும். டிரெய்லரும் லோடும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியில் இறங்குவது நல்ல அளவு. 20-ஐத் தாண்டினால் முன்பக்கம் கிளம்பும்.

5-க்குக் கீழே போனால் தொல்லை வேறு மாதிரி வரும். வேகத்தடையில் டிரெய்லரின் பின்பக்கம் அமுங்கி டிராபார் (டிரெய்லரிலிருந்து கொக்கிக்கு நீளும் சட்டம்) மேலே எகிறும், அதைக் கொக்கியில் கோக்கும் பின்னில் (இரும்பு ஆணியில்) 'டக் டக்' என்று அடி விழும். டிராக்டரின் பின் சக்கரத்தையே அது மேலே தூக்கப் பார்ப்பதால் ஈரமான களத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். தார் ரோட்டில் டிரெய்லர் இடமும் வலமும் அலையும்.

எங்க வண்டியில எவ்வளவு இறங்குதுன்னு எப்படீங்க தெரிஞ்சுக்கறது?

எடை மேடையில் போட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்து 'வண்டி உக்காந்திருக்குது' என்று சொல்வதை நம்பாதீர்கள். டிராக்டரின் பின் ஆக்சிலுக்கு ஸ்பிரிங்கே கிடையாது, பாரம் ஏறினாலும் டயர் பிதுங்குமே தவிர வண்டி உட்காராது. கூட்டமில்லாத நேரமாகப் போய், எடை போடுபவரிடம் ஐந்து எடை வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டும் டிரெய்லர் இல்லாமல்: முழு டிராக்டர் ஒரு எடை, முன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்க ஒரு எடை. பிறகு லோடு ஏற்றிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு மூன்று: முன் சக்கரம் மட்டும், அடுத்து டிராக்டரின் நாலு சக்கரமும் மேடையில் ஏறி டிரெய்லர் சக்கரம் வெளியே, கடைசியாக எல்லாமே மேடைமேல். மேடையும் அணுகு பாதையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் போட்டு எடை எடுங்கள். பிரேக் பிடித்தபடி நின்றால் கொக்கியில் இழுவை தங்கி எண் பிசகும்.

ஒரு உதாரணம். டிராக்டர் தனியாக 2,050 கிலோ, அதன் முன் சக்கரம் 770. டிரெய்லர் மாட்டிய பின் முன் சக்கரம் 550, டிராக்டர் முழுவதும் 2,690, மொத்தம் 6,550. கொக்கியில் இறங்கியது 2,690-இல் 2,050 போக 640 கிலோ. டிரெய்லரும் லோடும் 6,550-இல் 2,050 போக 4,500 கிலோ. 640 என்பது அதில் 14 சதவீதம். சரியான அளவுதான். முன் சக்கரம் 220 கிலோ இழந்திருக்கிறது.

முன் சக்கரத்துல 550 கிலோ இருந்தா போதுமுங்களா? ஸ்டியரிங் லேசாத்தானுங்க இருக்குது.

டிராக்டரின் சொந்த எடையில் 20 சதவீதமாவது எப்போதும் முன் சக்கரத்தில் இருக்க வேண்டும். 2,050 கிலோ வண்டிக்கு அது 410. ஆகவே சமதரையில் 550 போதும். ஆனால் நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது?

கீழ்பவானி வாய்க்கால் கரை மாதிரி எட்டுக்கு ஒன்று ஏறும் மண் சாய்வை எடுத்துக்கொள்வோம். 4,500 கிலோ டிரெய்லரை அதில் இழுக்க ஏறக்குறைய 800 கிலோ இழுவை வேண்டும். கொக்கி தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த இழுவையே முன் சக்கரத்திலிருந்து இன்னும் 200 கிலோவைப் பிடுங்கும். வண்டி சாய்ந்து நிற்பதால் அதன் சொந்த எடையிலும் 90 கிலோ பின்னால் நகரும். மிச்சம் 260. அந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். ஸ்டியரிங் லேசாக இருப்பது சௌகரியம் என்று நினைப்பவர்கள் இந்த 260-ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, தூக்குதுன்னா மொதல்ல என்னங்க பண்றது? வெயிட் வாங்கிப் போட்டறலாமுங்களா?

காசு செலவில்லாத வழி முதலில்: லோடை நகர்த்துங்கள். டிரெய்லர் ஆக்சிலிலிருந்து டிராபார் கண் (பின் நுழையும் முனை ஓட்டை) வரை 3.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 4,500 கிலோவில் டிரெய்லர் மட்டும் 1,400 போக மிச்சமுள்ள 3,100 கிலோ லோடை அரை அடி பின்னால் தள்ளினால் கொக்கியில் 145 கிலோ குறையும். முன் சக்கரத்துக்கு 50 கிலோ திரும்பி வரும். ஒரு அடிக்கு மேல் தள்ளிவிடாதீர்கள், உதாரணத்தில் உள்ள 640 கிலோ அதற்குள்ளேயே 350-க்கு வந்துவிடும். அது 8 சதவீதம்.

மூட்டை லோடில் இது எளிது. பெருந்துறைக்கு மஞ்சள் மூட்டை ஏற்றும்போது ஆக்சிலுக்கு ஓர் அடி முன்னால் அடுக்க ஆரம்பித்து முன்னும் பின்னும் சமமாக விரித்து வாருங்கள். வழக்கமாக ஆட்கள் செய்வது தலைப்பலகையை ஒட்டி ஆரம்பித்து, இடம் போதாவிட்டால் அங்கேயே மேலே ஏற்றிக்கொண்டு போவது. பாதி லோடு ஏற்றும் நாளில்தான் இது மோசம், மொத்தப் பாரமும் முன்னால் குவிந்துவிடும். மண், எரு, மரவள்ளிக் கிழங்கு போன்ற கொட்டும் லோடில் குவியலின் உச்சி ஆக்சிலுக்கு ஓர் அடி முன்னால் விழும்படி பொக்லைன்காரரிடம் சொல்லுங்கள். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி ஈர மண் 4 முதல் 4.5 டன் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டி நிறையாவிட்டாலும் பாரம் நிறைந்துவிடும்.

பட்டறையில புதுசா டிரெய்லர் கட்டறோமுங்க. ஆக்சிலை எங்க வெக்கச் சொல்றது?

பெட்டியின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால். பெட்டி நிறைய ஒரே மாதிரி லோடு ஏற்றினால் அதன் பார மையம் பெட்டியின் நடுவிலேயே இருக்கும். ஆக்சிலிலிருந்து கண் வரை 3.2 மீட்டர் இருந்து, கொக்கியில் 12 சதவீதம் வேண்டும் என்றால் மையம் ஆக்சிலுக்கு 38 செ.மீ. முன்னால் நிற்க வேண்டும். ஆகவே ஆக்சிலை நடுவிலிருந்து 38 செ.மீ. பின்னால் வையுங்கள். பட்டையை வெல்ட் செய்வதற்கு முன் அளவு நாடா பிடித்துச் சரிபாருங்கள். பழைய சேசிஸை நீட்டிப் பெட்டியைப் பெரிதாக்கும்போது ஆக்சிலை அதே இடத்தில் விட்டுவிடுவதுதான் பல வண்டிகளின் கோளாறு.

டிராக்டர்ல எந்த எடத்துல மாட்டோணுமுங்க? சேத்துல மாட்டுனா மேல் லிங்க்ல சங்கிலி கட்டி இழுக்கறாங்களே?

டிரெய்லருக்கென்று இருக்கும் ஹிட்ச் பிராக்கெட்டில் மட்டும். அதில் உயர ஓட்டைகள் பல இருக்கும், டிரெய்லர் சமமாக நிற்கிற வரையில் கீழ் ஓட்டையைத் தேர்ந்தெடுங்கள். கொக்கி 10 செ.மீ. இறங்கினால் மேலே சொன்ன கரையில் முன் சக்கரத்துக்கு 40 கிலோ மிஞ்சும்.

கீழ் லிங்குகளுக்கு (கலப்பையைத் தூக்கும் இரண்டு கைகளுக்கு) நடுவே மாட்டும் ஓட்டைப் பட்டையில் டிரெய்லரை இழுப்பதாக இருந்தால், பட்டை ஏறி இறங்காமல் பிடிக்கும் இரண்டு ஸ்டே கம்பிகளும் கட்டாயம் வேண்டும். கம்பி இல்லாவிட்டால் இழுவையில் பட்டை மேலே வரும், யாராவது ஹைட்ராலிக் லீவரைத் தொட்டாலும் வரும்.

மேல் லிங்கில் (கலப்பையை மேலே பிடிக்கும் கம்பியில்) கட்டி எதையும் இழுக்கவே கூடாது, சேற்றில் மாட்டிய வண்டியானாலும் சரி, தென்னைத் தூரானாலும் சரி. இழுக்கும் புள்ளி பின் ஆக்சிலுக்கு மேலே போய்விட்டால் இழுவை முழுவதும் டிராக்டரைப் பின்னால் கவிழ்க்கும் விசையாகிறது. முன்பக்கம் கிளம்பி, திரும்ப இறக்க முடியாத நிலையைத் தாண்ட ஒரு நொடி கூட ஆகாது. கிளட்சை மிதிக்கலாம் என்று மனதில் தோன்றுவதற்குள் முடிந்துவிடும்.

பின்னுக்குப் பதிலா முறுக்குக் கம்பி வெட்டிப் போட்டிருக்கறோம். தாங்குதுங்களே?

தாங்குகிற வரை தாங்கும். கட்டடக் கம்பியின் மேடு பள்ளம் ஓட்டையின் விளிம்பில் மாறி மாறி உட்கார்ந்து அங்கேயே தேயும், விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். தலை இல்லாததால் குலுக்கலில் மேலேயோ கீழேயோ நழுவும். போல்ட் போடுவதும் சரியில்லை, மரை வெட்டிய இடம் வெட்டு வாங்கி ஒடியும், நட்டும் கழன்றுவிடும்.

தலையுள்ள, ஓட்டைக்குச் சரியான பருமனுள்ள பின்னை மேலிருந்து கீழாகப் போட்டு, அடியில் ஸ்பிரிங் கிளிப் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை பின்னைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் படி மாதிரி தேய்மானம் தட்டுப்பட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். ஓட்டையில் ஆட்டம் 3 மி.மீ. தாண்டினால் பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை, கண்ணுக்குப் புது புஷ் அடிக்க வேண்டும். பின்னோடு கூட, டிராபாருக்கு அடியில் குறுக்காகப் போட்டுக் கட்டிய இரண்டு சங்கிலி இருக்கட்டும். பின் ஒடிந்தாலும் டிராபார் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

பின் டயர்ல தண்ணி அடிச்சா முன்னாடி தூக்காதுன்னு சொல்றாங்களே?

பின் டயரில் ஏற்றும் தண்ணீர் பின் ஆக்சிலுக்கு நேர்மேலேயே உட்காருகிறது, முன் சக்கரத்துக்கு அதில் ஒரு கிலோவும் போகாது. உழவில் சக்கரம் வழுக்காமலிருக்க அது உதவும். டிரெய்லர் வேலைக்கு எதிர்ப்பலன்கூட உண்டு: பிடிப்பு கூடினால் இன்னும் பலமாக இழுக்கும், இழுவை கூடினால் முன்பக்கம் இன்னும் லேசாகும்.

வேண்டியது முன்பக்கத்து வார்ப்பிரும்பு வெயிட். முன் ஆக்சிலுக்கு 60 செ.மீ. முன்னால் மாட்டும் 150 கிலோ, முன் சக்கரத்தில் 195 கிலோவாக விழும், 45 கிலோவைப் பின் ஆக்சிலிலிருந்தும் இழுத்துக்கொள்ளும். மேலே வாய்க்கால் கரையில் மிஞ்சிய 260 இப்போது 455 ஆகிவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் முன்பக்கம் எவ்வளவு மாட்டலாம் என்று போட்டிருக்கும், அதற்கு மேல் மாட்டினால் முன் ஆக்சில் புஷ்ஷும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். டிரெய்லர் இல்லாத நாளில் கழற்றி வையுங்கள்.

வெயிட் இல்லாட்டி ரெண்டு ஆளை பானட் முன்னாடி உக்கார வெச்சுக் கரை ஏத்தறமுங்க.

வேண்டாம். ஆள் விழுந்தால் விழுவது முன் சக்கரத்துக்கு நேராக. அவர்கள் எடை போதாமல் வண்டி கிளம்பினால், குதிக்கும்போது அந்த எடையும் ஒரே நொடியில் போய் இன்னும் வேகமாகத் தூக்கும்.

வெளிநாட்டுல கார் பின்னாடி கேரவன் இழுக்கறவங்க ஸ்பிரிங் பார் வெச்ச கொக்கி மாட்டறாங்க. பாரத்தை முன்னாடி தள்ளிடுதாம். அதை நம்ம டிராக்டருக்கு மாட்டலாமுங்களா?

அந்தக் கொக்கியில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் காரின் ஹிட்சிலிருந்து டிரெய்லர் சட்டத்தின் இரு பக்கமும் ஓடும். அவற்றைச் சங்கிலி போட்டு இறுக்கினால், கொக்கி மூட்டு மடங்கப் பார்ப்பதைக் கம்பிகள் எதிர்த்து நிமிர்த்தும். கொக்கியில் இறங்கும் பாரம் மறைந்துவிடுவதில்லை. அதனால் காரின் பின் ஆக்சிலில் ஏறிய கூடுதல் சுமையில் ஒரு பங்கு முன் ஆக்சிலுக்கும், ஒரு பங்கு டிரெய்லர் ஆக்சிலுக்கும் போகும், அவ்வளவுதான். சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதும் நாம் மேலே சொன்ன மாதிரிதான். மாட்டாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை முன் ஆக்சிலை எடை போட்டோ, முன் மட்கார்டு உயரத்தை அளந்தோ பார்ப்பார்கள்.

டிராக்டருக்கு அது ஒத்துவராது. அது தார் ரோட்டுக்கான ஏற்பாடு. செங்குத்தாக ஏறி இறங்கும் இடங்களில் கேரவன்காரர்களே கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். வரப்பும் வாய்க்காலும் ஏறி இறங்கும் டிரெய்லரில் மூட்டு தாராளமாக மடங்கியாக வேண்டும், கம்பி அதைத் தடுத்தால் டிராபாரோ பிராக்கெட்டோ வளையும். நம் பட்டறையில் பட்டை ஸ்பிரிங்கை வைத்து அது மாதிரி செய்து தரச் சொல்வதும் வீண் வேலை. அந்தக் காசுக்கு முன் வெயிட் வாங்கலாம்.

கரை ஏறும்போது முன்னாடி கிளம்பிருச்சுன்னா?

உடனே கிளட்ச். முன்பக்கம் தரையில் விழும்போதே பிரேக், பிறகு நேராகப் பின்னால் இறக்குங்கள். ஆக்சிலேட்டரைக் குறைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். ஏறுவதற்கு முன்பே சின்ன கியரைப் போட்டுக்கொண்டு, கிளட்சை மெதுவாக விட்டு ஏறினால் பெரும்பாலும் இந்த நிலை வராது. நடுக்கரையில் நின்றுவிட்டு வெடுக்கென்று கிளட்சை விடும்போதுதான் கிளம்பும்.

சேற்றில் புதைந்த பின் சக்கரத்தில் கட்டையைச் சங்கிலியால் கட்டி எடுக்கும் பழக்கமும் ஆபத்தானதுதான். கட்டை தரையில் ஊன்றிச் சக்கரம் சுற்ற முடியாமல் போனால், எஞ்சின் சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடம்பைச் சுற்றிவிடும். லோடை இறக்குங்கள், அல்லது இன்னொரு வண்டியை வைத்து முன்னாலிருந்து இழுங்கள்.

தாளவாடியில இருந்து லோடு ஏத்தி திம்பம் எறங்கலாமுங்களா? மேல ஏர்றதுக்குத்தானே பிரச்சனை?

இறக்கம்தான் பெரிய பிரச்சனை. டிராக்டருக்குப் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும். நம் ஊர் ரெண்டு சக்கர டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே இல்லை. 2 டன் வண்டியின் இரண்டு சக்கரம் 4.5 டன்னைப் பிடித்து நிறுத்த வேண்டும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. வளைவில் பிரேக் பிடித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து கோணலாகத் தள்ளும், டிராக்டர் மடங்கிக்கொள்ளும். அந்த லோடை லாரியில் அனுப்புங்கள்.

ஊருக்குள் வரும் சின்ன இறக்கங்களுக்கு: ஏறும்போது எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள், உச்சியிலேயே போட்டுவிடுங்கள், நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள். வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறியதும் இரண்டு பிரேக் பெடலையும் கோக்கும் லாக்கைப் போட வேண்டும். உழவில் ஒற்றைப் பிரேக்கில் திரும்பிய பழக்கத்தோடு ரோட்டில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழலும். லோடோடு 25 கி.மீ. வேகம் போதும்.

தண்ணி டேங்குக்கும் இதே கணக்குத்தானுங்களா?

நிறைந்த டேங்குக்கு இதே கணக்கு. 5,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 5 டன். பாதி டேங்க்தான் தொல்லை. 3 மீட்டர் நீள டேங்கில் பாதித் தண்ணீரோடு எட்டுக்கு ஒன்று சாய்வில் ஏறினால் பார மையம் அரை அடி அளவுக்குப் பின்னால் நகரும். அரை அடிக்கு என்ன ஆகும் என்று லோடு நகர்த்தும் கேள்வியில் பார்த்தோம். இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதே தண்ணீர் முன்னால் பாய்ந்து கொக்கியை அமுக்கும். உள்ளே ஒரு மீட்டருக்கு ஒன்றாக ஓட்டை போட்ட தடுப்புத் தகடு இருந்தால் அலை அடங்கும். சாய்வில் தண்ணீர் ஒதுங்குவதைத் தகடு நிறுத்தாது. முடிந்தவரை நிறைத்துக்கொண்டு போய், ஒரே இடத்தில் காலி செய்யுங்கள்.

டயர்ல காத்து எவ்வளவுங்க?

டிராக்டர் பின் டயருக்கு வயலில் 12–14, ரோட்டு லோடுக்கு 16–18 பவுண்டு பொதுவான அளவு. டிரெய்லர் டயருக்கு அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதே கணக்கு. இடது வலது இரண்டும் சமமாக இருக்கட்டும், உயரமான சோளத்தட்டு லோடில் ஒரு பக்கம் காற்று குறைந்தாலே வண்டி சாயும்.

லோடு இறக்கறப்ப டிராபார் மேல தூக்கிருச்சுங்க. ஏன்?

முன்னாலிருந்து இறக்கியிருப்பார்கள். முன்பாதி காலியானதும் மையம் ஆக்சிலுக்குப் பின்னால் போய், டிரெய்லர் பின்னால் குந்திக்கொள்ளும். டிராக்டரோடு மாட்டியிருந்தால் அதன் பின் சக்கரம் லேசாகும். கழற்றி நிறுத்தியிருந்தால் டிராபார் எகிறி, பக்கத்தில் நிற்பவர் தாடையில் அடிக்கும். பின்பக்கமிருந்து இறக்க ஆரம்பியுங்கள். இறக்கி முடிக்கும் வரை டிராக்டரைக் கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்னால் ஸ்டாண்டு, பின்னால் ஒரு முட்டுக் கட்டை கொடுத்த பிறகு பின்னை உருவுங்கள்.

கரும்பு சீசன்ல எல்லாருமே கூடத்தானுங்க ஏத்தறாங்க. கொக்கி பாரம் சரியா இருந்தா மொத்தம் கூடுனா என்னங்க?

10–15 சதவீதம் என்பது மொத்தத்தில் ஒரு பங்குதானே, மொத்தம் கூடினால் அதுவும் கூடும். 8 டன்னில் 14 சதவீதம் என்றால் 1,120 கிலோ. முதல் கேள்வியின் கணக்குப்படி முன் சக்கரம் 390 கிலோ இழந்து 380-க்கு வந்துவிடும். ஆலைக்குப் போகும் ரோட்டில் ஒரு மேடு ஏறுவதற்கு முன்பே, சமதரையிலேயே 410-க்குக் கீழே வந்தாயிற்று. பிரேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் லோடை அங்கேயே இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில்தான். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு எண் உண்டு, அதன் ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடைதான் வரம்பு. எடை மேடைச் சீட்டில் உள்ள 'மொத்தம்' டிராக்டரையும் சேர்த்தது, அதை அப்படியே ஆர்.சி. எண்ணோடு ஒப்பிடாமல் டிராக்டர் எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.